காயத்தின் முகவரி: சோம்நாத் ஹோரின் அச்சோவியங்களை முன்வைத்து



செங்கல்பட்டில் நடக்கும் ஒரு நினைவுச் சொற்பொழிவில், அதுவும் தலித் இலக்கிய அமைப்பொன்றின் மேடையில், வங்காளத்து ஓவியர் ஒருவரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்காவது ஒரு சேரியில் வன்கொடுமை நடந்தால், அரைமணி நேரத்துக்குள் அடிபட்ட உடலின் படம் நம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. நாமும் கோபத்தோடு பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அந்த உடலுக்கு அதன்மூலம் நியாயம் கேட்கிறோமா, இல்லை இன்னொரு தடவை அதைத் தெருவில் கிடத்துகிறோமா? நம் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் உள்ள கேள்வி இது. இதே கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் சோம்நாத் ஹோர். அவர் கண்ட விடைகளில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதியோடு எனக்கு வழக்கு இருக்கிறது.

ஹோர் 1921-ல் இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங் பகுதியில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். 1942-ல் ஜப்பானிய விமானங்கள் அவருடைய ஊர்ப்பக்கத்திலிருந்த பாட்டியா என்ற இடத்தில் குண்டு போட்டன. செத்துக்கிடந்தவர்களையும் கைகால் சிதைந்தவர்களையும் நேரில் பார்த்தார், வரைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. முறையாக ஓவியம் படித்தவரில்லை. கையில் பென்சில் இருந்தது, கண்ணெதிரே பிணங்கள் இருந்தன. அவருடைய கலையின் தொடக்கம் இதுதான்.

அந்தப் போர் நமக்கும் தூரத்துச் சங்கதியல்ல. அதே 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது மதராஸ்தான் என்று நகரமே காலியானது. வசதியுள்ளவர்கள் ரயிலேறி உள்நாட்டுக்குப் போனார்கள். போக இடமில்லாதவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். அதைவிட முக்கியமாக, பர்மா விழுந்தபோது நான்கைந்து லட்சம் இந்தியர்கள் காடும் மலையும் கடந்து இந்தியாவை நோக்கி நடந்தார்கள். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் நெல் ஆலைகளில் உழைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தமிழர்கள் ஏராளம், அந்தத் தமிழர்களில் நம்மவர்கள் ஏராளம். வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அரக்கான் கரையோரமாக வந்தவர்கள் கரையேறிய ஊர் சிட்டகாங். ஆக, ஹோர் கையில் பென்சில் எடுத்த காலத்தில் அந்த ஊரின் சாலைகளில் தமிழ் பேசிய பசியும் நடந்துகொண்டிருந்தது. தமிழில் ‘பர்மா நடை’ பற்றிய பேச்சு பெரும்பாலும் செட்டிநாட்டுச் சொத்துகளோடு முடிந்துவிடுவதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

போரின் வாலைப் பிடித்துக்கொண்டு 1943-ல் வங்கப் பஞ்சம் வந்தது. பர்மா அரிசி நின்றது. ஜப்பான்காரன் கையில் சிக்கிவிடக் கூடாதென்று சொல்லி, கரையோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை அரசாங்கமே பறித்தது அல்லது உடைத்தது. 1942 அக்டோபரில் மேதினிபூரைப் புயல் அடித்தது. ராணுவத்துக்கும் கல்கத்தாவுக்கும் அரிசி போனது, கிராமத்தில் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. இறந்தவர்கள் ஏறத்தாழ முப்பது லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. யார் செத்தார்கள்? நிலமற்ற கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள். வங்கத்தில் இந்தத் தொழில்கள் எந்தச் சாதிகளின் தொழில்கள், எந்த ஏழை முஸ்லிம்களின் தொழில்கள் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பஞ்சத்தில்தான் ஹோருக்கு ஒரு ஆசான் கிடைத்தார். பெயர் சித்தபிரசாத். பிறந்தபோது சித்தபிரசாத் பட்டாச்சார்யா. பிராமணச் சாதிப் பட்டத்தை வேண்டாமென்று வெட்டியெறிந்தவர். தெருத்தெருவாகவும் மருத்துவமனைகளுக்கும் ஹோரை அழைத்துப்போய், எதிரே இருப்பதை நேராகப் பார்த்து வரையச் சொன்னவர் அவர்தான். சித்தபிரசாத் 1943-ன் இறுதியில் மேதினிபூர் முழுக்க நடந்து, பார்த்ததை எழுதியும் வரைந்தும் ‘பசித்த வங்கம்’ என்று பொருள்படும் சிறு ஆங்கில நூலாக வெளியிட்டார். ஆங்கில அரசாங்கம் அதைப் பறிமுதல் செய்து 5,000 படிகளை அழித்தது. அவர் குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் பாதுகாத்த ஒற்றைப் படி தப்பியது. அவருடைய கோட்டோவியங்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரையப்பட்டவரின் பெயரை, ஊரை, என்ன வேலை செய்தார், எப்படி இந்த நிலைக்கு வந்தார் என்பதை அவர் கூடவே எழுதிவைத்தார். பசிக்கு முகம் மட்டுமல்ல, முகவரியும் கொடுத்தார்.

இதை நம் பஞ்சத்தோடு வைத்துப் பாருங்கள். 1876–78-ன் தாது வருஷப் பஞ்சத்தை மதராஸ் மாகாணத்தில் பதிவு செய்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. கேமராவோடு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். படமெடுத்தாரே தவிர அவர்களுக்கு என்ன செய்தார் என்று அந்தக் காலத்திலேயே ஏளனத்துக்கு ஆளானார். அந்தப் படங்கள் இன்றும் உலகமெங்கும் சுற்றுகின்றன. அதில் இருப்பவர்கள் நம் பாட்டன் பாட்டிகளாக இருக்கலாம். ஒருவருக்கும் பெயரில்லை, ஊரில்லை.

மாமல்லபுரத்துக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயை நீங்கள் தினமும் தாண்டுகிறீர்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் சென்னைப் பகுதி, சுமார் 8 கிலோமீட்டர், 1877–78-ல் பஞ்சக் கூலிகளைக் கொண்டு வெட்டப்பட்டது. ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை வந்து நிவாரணக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் என்று குறைத்த காலம் அது. அந்தக் கால்வாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் அர்ச்சுனன் தபசு இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்புகளைப் பல்லவச் சிற்பி எவ்வளவு கவனமாகச் செதுக்கியிருக்கிறான் என்று பார்த்திருப்பீர்கள். விரும்பிப் பட்டினி கிடந்தவனின் விலா எலும்பு கல்லில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது. பட்டினி போடப்பட்டவர்களின் விலா எலும்புக்கு இந்தக் கடற்கரையில் கல் கிடைக்கவில்லை, மண்வெட்டிதான் கிடைத்தது.

கல் கிடைக்காதவர்களுக்கு அச்சு கிடைத்தது என்பது வேறு கதை. செங்கல்பட்டுக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் காலணா விலையில் ‘ஒரு பைசாத் தமிழ’னைக் கொண்டுவந்தார். மலிவான தாள், மலிவான மை, நிறையப் படிகள். கோயில் சுவரில் இடமில்லாதவர்கள் தாளில் இடம் பிடித்தார்கள். படத்துக்கும் இதே கணக்குதான். ஒரு தைல ஓவியம் ஒரே ஒரு பணக்காரரின் கூடத்தில் தொங்கும். ஒரு மரப்பலகையைச் செதுக்கினால் நூறு பேர் வீட்டுக்குப் போகும். அச்சோவியத்தின் அரசியல் இந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

வேலை நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹோரின் கதை அதற்குள்தான் ஓடுகிறது. மரச்செதுக்கிலும் லினோவிலும், வெள்ளையாக வர வேண்டிய இடத்தை உளியால் தோண்டி எடுத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் மேட்டில் உருளையால் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம் விழும். ஆக, வெளிச்சம் என்பது வெட்டுப்பட்ட இடம். தகட்டு அச்சு இதற்கு நேரெதிர். செம்பு அல்லது துத்தநாகத் தகட்டை ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்தால் கீறிய இடம் அரிபடும். அந்தக் குழியில் தங்கும் மைதான் கோடாகிறது. எப்படியானாலும், ஒரு பரப்பைக் காயப்படுத்தாமல் அச்சோவியம் கிடையாது. தூரிகைக்காரர் காயத்தை வரையலாம். அச்சோவியர் அதைச் செய்தே ஆக வேண்டும்.

இந்த உண்மையை உலகுக்குக் காட்டியவர் ஜெர்மனியின் கேத்தே கொல்விட்ஸ். 1867-ல் பிறந்தவர். நெசவாளர் கிளர்ச்சியையும் விவசாயிகள் போரையும் பற்றி அச்சோவிய வரிசைகள் செய்து ஏற்கெனவே புகழ் பெற்றிருந்தார். 1914-ல் முதல் உலகப் போர் வெடித்தபோது இளைய மகன் பீட்டர் பட்டாளத்தில் சேரத் துடித்தான். வயது பதினெட்டு. அப்பாவின் ஒப்புதல் வேண்டும். அப்பா மறுத்தார். அம்மாதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். அக்டோபர் மாதம் பெல்ஜியத்தில் பீட்டர் செத்துப்போனான். தன் கையாலேயே அனுப்பிவைத்தோம் என்ற எண்ணம் அவரை விடவேயில்லை. மகனுக்கான நினைவுச் சிலையை முடிக்க 1932 வரை ஆனது. இடையில், 1920-ல் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்தபின் அவரும் மரத்துக்கு மாறினார். 1921–22-ல் ‘போர்’ என்று ஏழு மரச்செதுக்குகள். அவற்றில் பீரங்கி இல்லை, எதிரி இல்லை, போர்க்களமே இல்லை. பிள்ளையைத் தூக்கி நீட்டும் தாய், முரசடிக்கும் மரணத்தின் பின்னால் மயங்கிப் போகும் பையன்கள், ஒருவர்மேல் ஒருவர் சரிந்து கிடக்கும் பெற்றோர், விதவைகள், பிள்ளைகளைச் சுற்றி வளைத்து மதில்போல நிற்கும் அம்மாக்கள். முரசுக்காரனுக்கு அடுத்து இருக்கும் பையன் பீட்டர்தான். தகட்டில் நுணுக்கமாக நிழல் தீட்டத் தெரிந்த கை, அந்தத் துக்கத்துக்கு நுணுக்கம் வேண்டாமென்று முடிவு செய்தது. அவருடைய பேரன், அவன் பெயரும் பீட்டர், 1942-ல் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். அடுத்த ஆண்டு அவருடைய பெர்லின் வீடு குண்டுவீச்சில் போனது. 1945 ஏப்ரலில், போர் முடிய இரண்டு வாரம் இருக்கையில், அவரும் போனார்.

கொல்விட்ஸின் படங்கள் சீனாவுக்குப் போனது லூ சுன் மூலமாக. 1931-ல் ரோ ஷி என்ற இளம் எழுத்தாளரை அரசு சுட்டுக்கொன்றபோது, பிள்ளையை நீட்டும் அந்தத் தாயின் படத்தை லூ சுன் பத்திரிகையில் வெளியிட்டார். அஞ்சலி என்று வெளிப்படையாக எழுத முடியாத நிலையில் படம் அதைச் சொன்னது. அதே ஆண்டு ஷாங்காயில் மரச்செதுக்குப் பயிற்சி வகுப்பும் நடத்தினார். சீன மரச்செதுக்குகள் 1940-களில் இடதுசாரிகள் வழியே வங்கத்துக்கு வந்தன. பெர்லினில் ஒரு தாயின் குற்றவுணர்வு, ஷாங்காயில் ஒரு தோழனின் கொலை, சிட்டகாங்கில் ஒரு பஞ்சம். அச்சோவியம் இப்படித்தான் பயணித்தது. தைல ஓவியத்தை உறையில் போட்டு அஞ்சலில் அனுப்ப முடியாதே.

பஞ்சத்துக்குப் பிறகு ஹோர் கல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். ஜைனுல் ஆபெதின் அங்கே ஆசிரியர். பஞ்சத்தின் காக்கைகளையும் பிணங்களையும் மலிவுத் தாளில் கருப்பு மையால் வரைந்தவர் அவர். 1946 டிசம்பரில் கம்யூனிஸ்ட் கட்சி ஹோரை வடவங்காளத்து ரங்பூருக்கு அனுப்பியது. தேபாகா போராட்டம் நடந்துகொண்டிருந்த இடம். ‘தேபாகா’ என்றால் மூன்றில் ஒரு பங்கு நிலக்காரனுக்கு, இரண்டு பங்கு உழுதவனுக்கு. அதுவரை பாதிக்குப் பாதி. அறுத்த நெல்லை ஜோத்தார் களத்துக்குக் கொண்டுபோகாமல் தங்கள் களத்துக்கே கொண்டுபோனார்கள். அந்தப் பக்கத்தில் முன்னணியில் நின்றவர்கள் ராஜ்பன்ஷிகளும் முஸ்லிம் குத்தகையாளர்களும். ஹோர் அவர்கள் வீட்டில் தங்கினார், அவர்கள் சோற்றைத் தின்றார், நாட்குறிப்பு எழுதினார், கூடவே வரைந்தார். பிற்பாடு நூலாக வந்திருக்கிறது. அந்தப் பக்கங்களில் இருப்பவர்கள் பசித்த உடல்களில்லை. கூட்டம் போடுகிறார்கள், வாதாடுகிறார்கள், தடியோடு காவலிருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு முன் யாரைச் சாகும் நிலையில் வரைந்தாரோ, அதே மக்களை நிமிர்ந்து நிற்கும் நிலையில் வரைந்தார். என் கணிப்பில் ஹோரின் மிகப் பெரிய வேலை இதுதான். கலை விமர்சகர்கள் இதை ‘ஆரம்ப காலம்’ என்று ஒரு வரியில் கடந்துபோவது வழக்கம்.

அவர்கள் கொண்டாடுவது ‘காயங்கள்’ வரிசையை. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1960-களின் இறுதியில் ஹோர் சாந்திநிகேதன் கலா பவனத்துக்கு வந்தார். வெளியே நக்சல்பாரிக் காலம், கல்கத்தாத் தெருக்களில் இளைஞர்களின் பிணங்கள். 1971-ல் எல்லைக்கு அந்தப் பக்கம், அவர் பிறந்த மண்ணில், பாகிஸ்தான் ராணுவத்தின் படுகொலை. வியட்நாம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வெட்டுப்பட்ட மரத்தில், லாரிச் சக்கரம் கிழித்த சாலையில், எங்கு பார்த்தாலும் தனக்குக் காயமே தெரிந்தது என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் மையைக் கைவிட்டார். மெழுகு அல்லது களிமண் பலகையைக் கத்தியால் கீறினார், குத்தினார், சூடு வைத்தார். அதன்மீது சிமெண்ட் அச்சு எடுத்தார். அந்த அச்சுக்குள் காகிதக்கூழை நிரப்பி அழுத்திக் காயவைத்து உரித்தெடுத்தார். வருவது வெள்ளைத் தாள். அதில் வெள்ளையாகவே ஒரு கிழிசல், ஒரு தழும்பு, ஒரு பொத்தல். உருவமில்லை. சாய்வாக வெளிச்சம் பட்டால்தான் கண்ணுக்கே தெரியும். பக்கத்தில் போனால் கையால் தடவத் தோன்றும், தடவக் கூச்சமாகவும் இருக்கும்.

இதில் நான் ஏற்கும் பாதி இது. ஹூப்பரின் கேமரா செய்ததை ஹோர் செய்ய மறுத்தார். அடிபட்ட உடலைப் பார்வையாளன் சாவகாசமாக உட்கார்ந்து பார்க்கும்படி வைக்கவில்லை. ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிக் கடந்துபோக ஒரு முகத்தைத் தரவில்லை. காயம் படமாக இல்லாமல் பொருளாக, தாளுக்கே நேர்ந்த ஒன்றாக இருக்கிறது. முப்பது ஆண்டு காயங்களை வரைந்த ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்த நாகரிகம் அது. கைபேசியில் படம் அனுப்பும் நாம் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய.

மறுபாதிக்கு வருகிறேன். அந்த வெள்ளைத் தாளின் முன் நிற்பவர், இது யாருடைய காயம் என்று கேட்க வேண்டிய அவசியமில்லாமல் போகிறது. மனிதகுலத்தின் காயம் என்று சொல்லிவிடலாம். கண்காட்சிப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. ‘உலகப் பொதுமை’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நம்மவர்கள் கொஞ்சம் உஷாராக வேண்டும். 1943-ல் செத்தது மனிதகுலமல்ல. படகு பறிக்கப்பட்டவனும் நிலமில்லாதவனும் செத்தார்கள், மனிதகுலத்தின் மற்றவர்கள் அரிசி விற்றுக் காசு பார்த்தார்கள். சித்தபிரசாத் எழுதிவைத்த பெயரும் ஊரும், தேபாகா நாட்குறிப்பின் குடிசைகளும் அந்த வெள்ளைக்குள் மூழ்கிவிட்டன. ஹோர் அவற்றை மறந்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய விரல்களில் அவை இருந்தன. ஆனால் பார்ப்பவரின் கண்ணுக்கு அவை போய்ச் சேர வழியில்லை.

இது கலை ரசனைத் தகராறல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். நாம் எல்லோரும் 44 என்கிறோம். 44 பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? எண் எளிதில் வாயில் நிற்கிறது, பெயர்கள் நிற்பதில்லை. நம் செங்கல்பட்டுக்கே வருவோம். கலெக்டர் டிரமென்ஹீர் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலை பற்றிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் வந்ததுதான் பஞ்சமி நிலம். நூறு ஆண்டு கழித்து அந்த நிலம் யார் கையில் இருந்தது என்று கேட்டுத்தான் காரணை மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் நினைவுக்கு மாலை போடுகிறோம். அவர்களுடைய காயத்துக்கு ஒரு நிலம் இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது. அதை வெள்ளைத் தாளில் வெள்ளையாகப் பதித்து ‘மனிதகுலத்தின் வலி’ என்று சுவரில் மாட்டினால், நில அபகரிப்பாளனும் வந்து பார்த்துக் கண்கலங்கிவிட்டுப் போவான். அவனுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

ஹோரே இந்த நெருக்கடியை உணர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1970-களின் நடுவில் வெண்கலத்துக்குப் போனபோது உருவம் திரும்பி வந்துவிட்டது. மெழுகுத் தகடுகளை வெட்டி ஒட்டி அவர் செய்த சிற்பங்களில், பஞ்சத்தில் பார்த்த அதே மெலிந்த கைகால்கள், அதே குழிந்த வயிறு. வியட்நாம் மக்களின் நினைவாகப் பிள்ளையோடு நிற்கும் ஒரு தாயைப் பெரிய அளவில் செய்தார். 1977-ல் கலா பவனத்திலிருந்தே அது திருடுபோய்விட்டது. திரும்பக் கிடைக்கவேயில்லை. உருக்கி விற்றிருந்தால் வெண்கல விலை கிடைத்திருக்கும். 2006-ல் ஹோர் இறந்தார். அடுத்த ஆண்டு பத்ம பூஷண் அறிவித்தார்கள்.

தமிழகத்திலும் போரை அச்சுக்குள் கொண்டுவந்தவர் உண்டு. தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் இந்தியாவின் முக்கியமான அச்சோவியர்களில் ஒருவர். அவருடைய படங்களில் விமானம், பறத்தல், வானத்திலிருந்து பார்க்கும் நிலம். மேலிருந்து பார்த்தால் போர் எப்படிக் கோடும் வரைபடமும் ஆகிவிடுகிறது என்பதைக் கூர்மையாகக் காட்டியவை. கீழிருந்து, குண்டு விழும் இடத்திலிருந்து பார்க்கும் அச்சு நம்மிடம் வளர வேண்டியிருக்கிறது. மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது, கடற்கரைச் சாலையில் சோழமண்டலம் இருக்கிறது. கல்லுடைக்கும் குவாரிகளில் உளிபிடித்த இருளரும் நம்மவரும் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். உளி நமக்குப் புதிதல்ல.

பெரிய செலவும் கிடையாது. ஒரு லினோ துண்டு, மூன்று நான்கு செதுக்கு உளிகள், ஒரு உருளை, ஒரு டப்பா அச்சு மை. அழுத்துவதற்கு இயந்திரம் இல்லையென்றால் கரண்டியின் முதுகால் தேய்த்தாலும் படி விழும். முதல் படமாகப் பெரிதாக எதையும் யோசிக்க வேண்டாம். ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பெயர்களைச் செதுக்கிப் பாருங்கள். தாளில் நேராக விழ வேண்டுமானால் பலகையில் அவற்றைக் கண்ணாடியில் தெரிவதுபோல வலமிருந்து இடமாகச் செதுக்க வேண்டும். ‘ழு’வின் சுழி எந்தப் பக்கம் திரும்பும் என்று கை தடுமாறும். மெதுவாகத்தான் போக முடியும்.